எழும்பியதெல்லாம் விமானமல்ல

வீட்டுக் கொல்லையில் விமானம் செய்தவரைப் பற்றி நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் சொல்கிற செய்திக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர். பழைய பைக் எஞ்சினோ கார் எஞ்சினோ ஒன்று. அலுமினியக் குழாய், பிளைவுட், துணி. நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த அம்மா. பிறகு, செல்போனில் எடுத்த காணொளியில் சக்கரம் தரையை விட்டு எழும்புகிற சில விநாடிகள். கடைசிப் பத்தியில் குரல் உயரும்: அரசாங்கம் மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் இந்தப் பையன் எங்கேயோ போயிருப்பான், காகிதம் கேட்டுக் கேட்டே நம் பிள்ளைகளின் திறமையைக் கொன்றுவிடுகிறார்கள்.

மனதைத் தொடுகிற கதைதான். ஆனால் அதற்குள் மூன்று நம்பிக்கைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. தரையை விட்டு எழும்பிவிட்டால் விமானம் வெற்றி என்பது முதல் நம்பிக்கை. எஞ்சின் பலமாக இருந்து, வேகம் குறையாமல் ஓட்டினால் விழாது என்பது இரண்டாவது. இனி பாக்கி இருப்பது அனுமதி மட்டுமே என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. வெறும் தகவல் பிழை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இவை ஆளைக் கொல்லும் தவறுகள்.

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்துக்காரர்கள் இதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் இருக்கிறது. ஒரு பக்கம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள், இன்னொரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம். வெல்டிங், லேத், ஃபிட்டர் வேலை என்று கையில் தொழில் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வட்டாரத்தில் குறைவில்லை. நாளைக்கே ஒருவர் இங்கே இறக்கை கட்டத் தொடங்கலாம். தாராளமாகக் கட்டட்டும். அவர் தோளில் தட்டுகிற நாம் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த எழும்புதலை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒருவர் சொந்த விமானம் செய்து பறந்து நூற்றுப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ், கோச் வண்டி கட்டுவதில் பேர்போன சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு தன் வடிவமைப்பில் ஓர் இரட்டை இறக்கை விமானத்தைச் செய்வித்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அலகாபாத்தில் விமானங்கள் பறந்து இந்தியா முழுக்கப் பேச்சானது அந்த வருடக் கடைசியில்தான். அன்றைக்கு, எஞ்சின் வைத்த ஒரு சட்டம் மனிதனைத் தூக்குமா என்பது உண்மையிலேயே விடை தெரியாத கேள்வி. தூக்கிக் காட்டியவரைக் கொண்டாடியது நியாயம். இன்றைக்கு அது விடை தெரிந்த கேள்வி. பலகையை லேசாகச் சாய்த்துப் பிடித்து, போதுமான குதிரைத்திறனில் இழுத்தால் பலகையும் எழும்பும். எழும்புவதை வைத்து விமானத்தை மதிப்பிடும் காலம் டி ஏஞ்சலிஸோடு போய்விட்டது.

அதைவிட மோசம், அந்தக் காணொளி பொய்சாட்சி சொல்கிறது. தரைக்கு மிக அருகில் பறக்கும்போது இறக்கை நுனிகளில் சுழன்று வீணாகும் காற்றைத் தரையே தடுத்துவிடுகிறது, இழுவை குறைகிறது. இறக்கையின் முழு நீளத்தில் பாதி உயரத்துக்குள் இந்தச் சலுகை நன்றாகத் தெரியும். ஒன்பது மீட்டர் இறக்கை என்றால் நான்கு, நாலரை மீட்டர் உயரம் வரை. வயல்வெளியில் ஆளுயரம் எழும்பிக் காட்டுகிற விமானம் முழுக்க முழுக்க இந்தச் சலுகையில்தான் மிதக்கிறது. அதற்கு மேலே போக முயன்றால் சலுகை போய்விடும், இழுவை கூடும், ஏறுவது நின்றுபோகும். ஓட்டுகிறவர் பதறி மூக்கை இன்னும் தூக்குவார். அவர் செய்யக்கூடியதிலேயே மோசமான காரியம் அது. கூட்டம் கைதட்டிய அதே சில விநாடிகள், அடுத்த சில விநாடிகளில் நடக்கப்போகும் விபத்துக்கு அவரைத் தயார் செய்திருக்கும்.

அப்படியானால் விமானம் தேறியதா என்று பார்ப்பது எப்படி? எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கலாம். மூன்று தராசு போதும். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் கொண்டுபோகிறவர்களுக்கு மேடைத் தராசு புதிதல்ல. அப்படிப்பட்ட மூன்றை மூன்று சக்கரங்களுக்கு அடியில் வைக்க வேண்டும். விமானத்தை மட்டமாக நிறுத்தி, காற்றில்லாத இடத்தில் அளக்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு சிறு விமானத்தை வைத்துக்கொள்வோம். மூக்குச் சக்கரத் தராசு 60 கிலோ காட்டுகிறது; பிரதான சக்கரங்கள் இரண்டும் தலா 115. மொத்தம் 290 கிலோ. இறக்கையின் முன்விளிம்பை ஆரம்பப் புள்ளியாக எடுத்தால், மூக்குச் சக்கரம் அதற்கு 90 சென்டிமீட்டர் முன்னால், பிரதான சக்கரங்கள் 75 சென்டிமீட்டர் பின்னால். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வெறும் விமானத்தின் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 41 சென்டிமீட்டரில் நிற்கிறது. 50 சென்டிமீட்டரில் உட்காரும் 75 கிலோ ஆளையும், 90 சென்டிமீட்டரில் உள்ள தொட்டியில் 30 கிலோ பெட்ரோலையும் சேர்த்தால் அது 46.3க்கு நகர்கிறது. இறக்கையின் அகலம் 140 சென்டிமீட்டர். பின்னெல்லை 47 என்று வடிவமைத்தவர் விதித்திருக்கிறார் என்று வைப்போம். எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறோம். ஆனால் முக்கால் சென்டிமீட்டர்கூட இடமில்லை.

இப்போது வாலில் ஒரு விரிசல் தெரிகிறது. பட்டறையில் ஒரு தகடு வைத்து வெல்டு அடித்து, மேலே பெயின்ட்டும் பூசுகிறார்கள். கூடியது இரண்டே கிலோ. ஆனால் வால் நான்கு மீட்டர் பின்னால் இருக்கிறது. மறுபடி கணக்குப் போட்டால் ஈர்ப்பு மையம் 48.1. எல்லை தாண்டியாயிற்று. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மூக்கில் நாலு கிலோவுக்கு மேல் ஈயம் கட்ட வேண்டும். 397 கிலோ விமானத்தில் இரண்டு கிலோ என்ன செய்துவிடும் என்று கேட்கிறவருக்கு இதுதான் பதில். எவ்வளவு எடை என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் விமானத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

பின்னெல்லை என்று ஒன்றை ஏன் விதிக்கிறார்கள்? ஈர்ப்பு மையம் போதுமான அளவு முன்னால் இருக்கும் விமானத்தின் மூக்கைக் காற்று ஒரு தட்டுத் தட்டித் தூக்கினால், வால் தானாகவே அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஈர்ப்பு மையம் பின்னால் போகப்போக இந்தத் திரும்பும் குணம் குறையும். ஒரு புள்ளியில் அது முற்றிலும் மறைந்துபோகும். அதையும் தாண்டினால் தூக்கிய மூக்கு மேலும் தூக்கிக்கொண்டே போகும்.

கொடுமை என்னவென்றால், அந்த ஆபத்தான நிலையை நெருங்கும் விமானம் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும். ஸ்டிக் இலகுவாகும், விரலால் தொட்டாலே மூக்கு எழும். வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டிய வேலை குறைவதால் ஒரு துளி வேகமாகவும் போகும். “வெண்ணெய் மாதிரி வருது” என்று செய்தவர் பெருமைப்படுவார். அதுவே செய்தித் தலைப்பும் ஆகும். அந்தப் பாராட்டே நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று பக்கத்தில் நின்று சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். மூக்குப் பக்கம் கனமான விமானம் முரடு. தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க வாலிலுள்ள எலிவேட்டர் போதாமல் சக்கரத்தை உடைக்கும். ஆனால் தன் குறையை அது முதல் நாளே முகத்துக்கு நேரே காட்டிவிடும். வால்கனமான விமானம் தன் குறையை ஸ்டால் ஆகும் நொடி வரை மறைத்து வைத்திருக்கும்.

அந்த ஸ்டாலைப் பற்றித்தான் இரண்டாவது நம்பிக்கை. எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும், எஞ்சின் ஓடி வேகம் இருந்தால் விழாது என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு பாதியும் பிசகு. எஞ்சின் நின்ற சிறு விமானம் சறுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னே போகும் சாதாரண விமானம் என்றால், 300 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்துக்குள் இறங்க இடம் பார்க்கலாம். ஸ்டால் என்பது இறக்கை சம்பந்தப்பட்ட விஷயம். எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம் ஓர் அளவைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகும், தூக்குவிசை சரியும். பெரும்பாலான சிறு விமானங்களின் இறக்கைக்கு அந்த அளவு 15 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் கோணத்தை எந்த வேகத்திலும் தாண்டலாம். எஞ்சின் முழுமூச்சில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் தாண்டலாம்.

வேகத்தை நம்புகிறவருக்கு ஒரு கணக்கு. நேராகப் பறக்கையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானத்தை, உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது; அப்போது 99 கிலோமீட்டரிலேயே ஸ்டால் ஆகிவிடும். வேகமானி 90 காட்டுகிறது, கவலையில்லை என்று நினைத்தவர் அப்போது தன் விமானத்தின் எல்லைக்குக் கீழே போயிருப்பார். ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பம் உலகமெங்கும் ஆளை விழுங்குவது இதனால்தான். ஓடுபாதை நழுவுகிறதே என்று மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடரைக் கூடுதலாக மிதித்து, மூக்கையும் தூக்கினால், ஓர் இறக்கை முந்திக்கொண்டு ஸ்டால் ஆகும். விமானம் அந்தப் பக்கமே கவிழ்ந்து சுழலும். நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் சுழலத் தொடங்கினால் மீள இடமில்லை. ஈர்ப்பு மையம் பின்னெல்லையைத் தாண்டியிருந்தால், ஆயிரம் மீட்டர் இருந்தும் மீளாமல் போகலாம்; மூக்கு கீழே குனிய மறுக்கும், விமானம் தட்டையாகச் சுழன்றுகொண்டே இறங்கும். இதனால்தான் எடைக்கணக்கையும் ஸ்டாலையும் தனித்தனியாகப் பேச முடியாது.

சட்டம் எழுதியவர்களும் இதைப் புரிந்துதான் எழுதினார்கள். 2004இல் அமெரிக்கா இலகுரக விளையாட்டு விமானம் என்று ஒரு வகையை உண்டாக்கியபோது, 600 கிலோ எடை வரம்போடு, ஸ்டால் வேகம் 45 நாட் (knot), அதாவது மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் சேர்த்தே வைத்தது. ஐரோப்பாவில் மைக்ரோலைட்டுகளுக்கு நெடுங்காலம் இருந்த வரம்பு மணிக்கு 65 கிலோமீட்டர். எவ்வளவு மெதுவாகப் போகும்வரை இறக்கை கைவிடாமல் இருக்கும் என்பதையும் வைத்தே ஒரு விமானத்தைச் சிறு விமானம் என்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் குறுக்கிடுவார்: ஸ்டால் ஆகாத வடிவமே இருக்கிறதே, அதைக் காப்பியடித்தால் தீர்ந்தது என்பார். இந்த வாதத்துக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது; அதற்கு ஒரு கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. பிரான்சில் ஆன்றி மினியே என்பவர் 1933இல் ‘பூ து சியேல்’ என்ற குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். பிரிட்டனில் அதற்கு ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்று பெயர். முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கை. முன் இறக்கையையே சாய்த்து ஓட்டலாம். சாதாரண விமானம் ஸ்டால் ஆகிச் சுழன்று விழுவதைத் தடுக்கவே இப்படிச் செய்தார். 1934இல் புத்தகமாகவும் எழுதினார். தச்சுவேலை தெரிந்த எவரும் செய்யலாம் என்ற நம்பிக்கையில் பிரான்சிலும் பிரிட்டனிலும் எத்தனையோ பேர் வீட்டுக் கொட்டகையில் மரம் அறுக்கத் தொடங்கினார்கள். ‘ஏழையின் விமானம்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. நம் ஊர்ச் செய்தியின் வாய்ப்பாடு அப்போதே எழுதியாயிற்று.

பிறகு ஒவ்வொருவராகச் செத்தார்கள். மூக்கு குனிந்து டைவ் அடித்த விமானம் நிமிரவே இல்லை. 1936இல் பிரிட்டனின் ஃபார்ன்பரோவிலும் பிரான்சிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் மாட்டிச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. ஓரளவுக்கு மேல் மூக்கு குனிந்துவிட்டால், அதை நிமிர்த்த முன் இறக்கையைச் சாய்க்கும்போது இரண்டு இறக்கைகளுக்கும் நடுவிலுள்ள சந்து குறுகி, பின் இறக்கையின் தூக்குவிசை கூடுகிறது; மூக்கு இன்னும் குனிகிறது. ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. பிரிட்டன் புதிதாகப் பறக்கும் அனுமதி தருவதை நிறுத்தியது. மினியே பின்னாளில் வடிவத்தைத் திருத்தினார். ஸ்டாலிலிருந்து காப்பாற்ற வந்த ஏற்பாடே இன்னொரு குழியை வெட்டியிருந்தது. அந்தக் குழி ஓடுபாதையில் எழும்பிக் காட்டும்போது கண்ணில் படாது. காற்றுச் சுரங்கச் சோதனையை மரணங்களுக்கு முன்பே செய்திருந்தால் இன்று இந்தக் கதையையே யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

மூக்கில் சின்ன இறக்கை வைத்த கனார்டு வடிவத்தைச் சொல்வோரும் உண்டு. பர்ட் ரூட்டன் 1970களில் பறக்கவிட்ட வேரி-ஈஸியும் லாங்-ஈஸியும் அப்படிப்பட்டவை. முன்னிறக்கை முதலில் ஸ்டால் ஆகி மூக்கு தானாகத் தணியும். பெரிய இறக்கை ஸ்டாலை எட்டவே எட்டாது. அருமையான யோசனை. நம் நாட்டிலேயே பெங்களூரில் தேசிய வான்வெளி ஆய்வுக்கூடம் லாங்-ஈஸியை அடிப்படையாக வைத்து ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டி 1987இல் பறக்கவிட்டது. ஆனால் அந்த வடிவம் கொடுக்கும் வாக்குறுதி ஈர்ப்பு மையம் தனக்கு விதித்த எல்லைக்குள் இருக்கும்வரை மட்டுமே செல்லும். பின்னால் நழுவினால் பெரிய இறக்கை முதலில் ஸ்டால் ஆகலாம். அதிலிருந்து மீட்க வழியில்லாமல் போகலாம். ஆரம்பகால விமானங்களில் மழைத்துளி முன்னிறக்கையில் படிந்தாலே மூக்கு குனிந்தது. பிறகு அந்த இறக்கையின் வடிவத்தையே மாற்றினார்கள். ஐப்பசி கார்த்திகையில் கடலூர் மாவட்டத்து வானத்தைப் பார்த்தவர் இந்த விவரத்தை அலட்சியம் செய்யமாட்டார். தராசும் கணக்கும் வேண்டாம் என்று சொல்லும் வடிவம் இன்றுவரை எதுவும் வரவில்லை.

ரைட் சகோதரர்கள் யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்பது இந்த விவாதத்தில் கடைசியாக வீசப்படும் அஸ்திரம். நல்ல கேள்வி, ஆனால் அவர்கள் எதிர்க்கட்சியின் சாட்சி அல்லர், என் கட்சியின் சாட்சி. ஜெர்மானியரான ஓட்டோ லிலியன்டால் 1896 ஆகஸ்டில் கிளைடர் ஸ்டால் ஆகி விழுந்து இறந்தார். அந்த மரணம் அவர்களை விடவே இல்லை. 1901இல் சைக்கிள் கடையில் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் செய்து, இருநூறு வாக்கில் இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அடுத்த வருடம் எஞ்சினே இல்லாமல் நூற்றுக்கணக்கான முறை மணல்மேட்டிலிருந்து சறுக்கினார்கள். 1903 டிசம்பர் 17இல் பறந்து காட்டிய பிறகும் வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை. 1904இல் விமானம் குதிரை மாதிரி மேலும் கீழும் எகிறியபோது, எடையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, கடைசியில் மூக்கில் 70 பவுண்டு, அதாவது 32 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பாரத்தைக் கட்டினார்கள். 1905இல் ஒரு மரத்தைச் சுற்றித் திரும்பும்போது உள்பக்க இறக்கை கைவிட்டது. மூக்கைக் கீழே தள்ளினால் மீளலாம் என்று ஆர்வில் அப்போது கண்டுகொண்டார். எழும்பிய நாளுக்கும் நம்பி ஓட்டத் தகுந்த விமானம் கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் இரண்டு வருட உழைப்பு. அனுமதி கேட்க அன்று ஆள் இல்லை. அதனால் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள்.

இந்த உழைப்பை இன்று எப்படிச் செய்கிறார்கள் என்பதை யாராவது ஒரு தடவை காட்சியாகக் காட்டினால் பத்து எழும்பல் காணொளிக்குச் சமம். இறக்கையின் மேற்பரப்பில் விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசை வரிசையாக ஒட்டிவிடுவார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, எஞ்சினைத் தணித்து, ஒவ்வொரு விநாடியும் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே மூக்கைத் தூக்குவார்கள். ஆரம்பத்தில் நூல்களெல்லாம் படிந்து பின்னோக்கி நிற்கும். கோணம் கூடக்கூட, உடலை ஒட்டிய பகுதியில், பின்விளிம்புக்கு அருகே உள்ள நூல்கள் முதலில் துடிக்கும். பிறகு எழுந்து நின்று தலைகீழாகத் திரும்பும். காற்று அங்கே பிய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துடிப்பு அடிவாரத்தில் தொடங்கி மெல்ல நுனியை நோக்கிப் போனால் நல்ல இறக்கை. நுனியில் உள்ள, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் கடைசிவரை பேச்சுக் கேட்கும். அதற்காகவே இறக்கையின் நுனியை இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கி முறுக்கிக் கட்டுவார்கள். நுனியில் முதலில் துடித்தால், அதுவும் ஒரு பக்கம் மட்டும் துடித்தால், அந்த விமானம் ஓட்டுகிறவரைக் கவிழ்க்கக் காத்திருக்கிறது. சோதனையை முன்னெல்லைப் பாரத்தில் தொடங்கி, மூட்டைகளை மெல்ல மெல்லப் பின்னால் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் மறுபடி செய்வார்கள். எந்த இடத்தில் குணம் மாறுகிறதோ அதற்கு முன்பே கோடு போட்டுவிடுவார்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குப் போனால், பச்சை மண்ணாகக் காய்கிற வரிசையில் எல்லா உருப்படியும் ஒழுங்காகத்தான் இருக்கும். சூளைக்குள் போய் வந்த பிறகே எது கோணியது, எது விரிசல் விட்டது என்று தெரியும். ஸ்டால் சோதனை செய்யாத விமானம் சூளை காணாத மண்.

பாகங்களாக வரும் கிட் வாங்கிப் பூட்டிய விமானத்தையும் சொந்தமாக வடிவமைத்ததையும் நம் செய்திகள் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகின்றன. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராட்சன் ஊரடங்குக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு விமானத்தைக் கட்டி 2022இல் குடும்பத்தோடு பறந்ததை நம் ஊடகங்கள் வியந்து எழுதின. அவர் கட்டியது தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனத்தின் கிட். ஈர்ப்பு மையம் எங்கே நிற்கலாம், இறக்கை எப்படி ஸ்டால் ஆகும் என்பதெல்லாம் அந்த நிறுவனம் ஏற்கெனவே பறந்து கண்டுபிடித்தது. அவருடைய உழைப்பை இது குறைக்காது. ஆனால் கொல்லையில் சொந்தக் கணக்கில் இறக்கை கட்டுகிறவர் ஏற வேண்டிய மலை வேறு. தொடுபுழையின் சஜி தாமஸ் காதும் பேச்சும் இல்லாமலேயே சொந்தமாகக் கட்டிய சிறு விமானம் 2014இல் நம் அம்பாசமுத்திரத்துக்கு அருகே மணிமுத்தாறில் பறந்தது. அதை மேலே கொண்டுபோனவர் விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற விங் கமாண்டர். வியப்புக்கு இடையில் தொலைந்துபோன செய்தி அதுதான்: செய்தவர் ஒருவர், சோதித்தவர் அனுபவசாலியான இன்னொருவர்.

சோதிக்காமல் துணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், தானே செய்த ஹெலிகாப்டரைத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது இறகு உடைந்து தாக்கி ஓர் இளைஞர் இறந்தார். அது ஹெலிகாப்டர், கோளாறு வேறு. ஆனால் ஊர் கொடுத்த ஊக்கமும், பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஆளில்லாத நிலையும் ஒன்றே. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. எஞ்சின் கோளாறும் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும் முதன்மைக் காரணங்கள். விமானத்தின் ஆரம்பப் பறப்புகளிலும், கைமாறிய விமானத்தைப் புதியவர் முதன்முதலாக ஓட்டும்போதும் ஆபத்து அதிகம். அங்கே காகிதம் குறைவு என்று நம்மவர் பொறாமைப்படுகிறார்கள். உண்மைதான், ஆனால் அப்படிக் கட்டிய விமானம் பொதுவாக 25 மணி முதல் 40 மணி நேரம், ஆளில்லாத பகுதிக்கு மேலே, பயணி இல்லாமல் சோதனைப் பறப்பு முடித்தால்தான் அடுத்த கட்டம். காகிதத்தை எடுத்துவிட்டுச் சோதனையை வைத்தார்கள். நாம் காகிதத்தோடு சோதனையையும் தூக்கி எறியச் சொல்கிறோம்.

இதனால் நம் அரசாங்கத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், 2016 பிப்ரவரியில் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அதை நிறுத்தி நாடே பார்த்த பிறகும், பதிவு எண் வாங்க 2017 நவம்பர் வரை அலைய வேண்டியிருந்தது. அது வெட்கக்கேடு. ஆனால் வெட்கம் எதில் இருக்கிறது என்று சரியாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டது அரசின் குற்றமல்ல. கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ஓர் இடத்தையும், ஓர் ஆளையும், ஒரு வழிமுறையையும் தராமல் கோப்பை மேசைக்கு மேசை தள்ளியதுதான் குற்றம். “முடியாது” என்று சொல்ல ஒரு கையெழுத்துப் போதும். “எடைபோடு, இந்த ஓடுபாதையில் ஓட்டிக் காட்டு, இந்தச் சோதனை விமானியிடம் கொடு” என்று சொல்லத்தான் ஒரு துறை வேண்டும்.

அதற்கான இடம் நம் கண் முன்னாலேயே கிடக்கிறது. நெய்வேலியில் சுரங்க நிறுவனம் போட்ட விமானத்தளம் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்துல் கலாம் படித்த இடம். ஓய்வு பெற்ற விமானப்படை விமானிகளுக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. வருடத்துக்கு இரண்டு வாரம் ஓர் ஓடுபாதையை ஒதுக்கி, மூன்று தராசும், கணக்குப் பார்க்கப் பேராசிரியர் ஒருவரும், ஸ்டால் சோதனை தெரிந்த விமானி ஒருவரும், தீயணைப்பு வண்டி ஒன்றும் வைத்து, “விமானம் செய்தவரெல்லாம் கொண்டு வாருங்கள்” என்று அழைத்தால் பாதி விமானங்கள் தராசிலேயே நின்றுவிடும். நிற்கட்டும். எங்கே எடை கூடியது, எதை நகர்த்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்புகிறவர் அடுத்த வருடம் சரியான விமானத்தோடு வருவார்.

ஊடகக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெறும் விமானத்தை எடைபோட்டீர்களா? ஆளும் பெட்ரோலும் ஏறிய பிறகு ஈர்ப்பு மையம் எங்கே நிற்கிறது, எல்லை எது? எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது, ஆகும்போது மூக்கு குனிகிறதா, இறக்கை கவிழ்கிறதா? எவ்வளவு உயரத்தில் சோதித்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். இவற்றுக்குப் பதில் சொல்கிற பத்தாம் வகுப்புக்காரர் முதல் பக்கத்துக்குத் தகுதியானவர். பதில் சொல்ல முடியாதவரை, அவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், எவ்வளவு உழைத்திருந்தாலும், “அனுமதி கொடுத்தால் பறந்துவிடுவார்” என்று எழுதுவது அவர்மேல் உள்ள அன்பு ஆகாது. அவர் உயிரைப் பந்தயம் வைத்து நாம் வாசகர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறோம்.

அனுமதிக்காகக் குரல் கொடுக்கிறவர்கள் இனி தராசுக்கும், ஓடுபாதைக்கும், சோதனை விமானிக்கும் குரல் கொடுக்கட்டும். அந்த மூன்றும் கிடைத்த பிறகு ஒரு விமானத்துக்கு அனுமதி மறுக்க எந்த அதிகாரிக்கும் காரணம் இருக்காது. மறுத்தால் அவரைத் தட்டிக்கேட்க நம் கையில் எண்கள் இருக்கும்.